துப்பாக்கிக்கு வைத்த பொட்டு

கதவுக் கீலுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயை ஒருவன் துப்பாக்கிக்குள் அடித்தால் அவனை என்ன செய்யலாம்? கேட்கிறேன், சொல்லுங்கள். நான் பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவன். எங்கள் பட்டாலியனில் எவனாவது அப்படிச் செய்திருந்தால் ரைபிளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கச் சொல்லி மைதானத்தை இருபது சுற்று ஓடவிட்டிருப்பார்கள். இங்கே அடித்தவன் முதலாளியின் மகன். நான் தோட்டத்துக் காவல்காரன். அதனால் "ஓகே சார்" என்று சொல்லிவிட்டு, அவன் கார் கேட்டைத் தாண்டியதும் எனக்குத் தெரிந்த அத்தனை கெட்ட வார்த்தைகளையும் பேரீச்ச மரங்களிடம் சொல்லித் தீர்த்தேன்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். என் மனைவி கல்யாணமான முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். பட்டாளத்தில் அதற்கு ஒரு மரியாதை இருந்தது. வளைகுடாவுக்கு வந்த பிறகு அதை மடித்துப் பெட்டிக்குள் வைக்க வேண்டியதாகிவிட்டது. ஆனால் துப்பாக்கி விஷயத்தில் மட்டும் அது அடிக்கடி பெட்டியைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிடும்.

நான் வேலை செய்த மஸ்ரா, அதாவது தோட்டம், ராஸ் அல் கைமாவிலிருந்து உள்ளே போனால் மலையடிவாரத்தில் இருந்தது. பேரீச்ச மரங்கள், கொஞ்சம் ஆடுகள், பம்பு செட், முதலாளி வெள்ளிக்கிழமைகளில் வந்து உட்காரும் மஜ்லிஸ் கூடம். பின்பக்கம் எங்களுக்கு வீடு. எங்களுக்கு என்றால் எனக்கும், பிக்கப் ஓட்டும் பரமக்குடிக்காரனுக்கும். ஆளுக்கு ஒரு கட்டில் மட்டும் கொள்ளும் சின்ன அறை, பொதுவில் ஒரு சமையலறை. மூன்றாவதாக ஒரு பெரிய அறை காலியாகக் கிடந்தது. அந்தக் காலி அறைதான் இந்தக் கதைக்கே காரணம் என்பதால் அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு முன்னால் நான் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் இருந்தேன். ஓர் அறைக்கு எட்டுப் பேர். தினமும் செக்யூரிட்டி கம்பெனி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் துபாயில் ஒரு கட்டிட வாசலில் நிறுத்துவார்கள், பன்னிரண்டு மணி நேரம். அந்தக் கட்டிடத்தில் ஃபிளாட் வைத்திருந்தவர்தான் இந்தத் தோட்டத்து முதலாளி, கிழவர். கஸ்டம்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் லிஃப்டுக்குப் போகிறவர் திரும்பி வந்து நான் நிற்கிற நிற்பைப் பார்த்தார். "அஸ்கரி?" என்று கேட்டார். பட்டாளத்தானா என்று அர்த்தம். ஆமாம் என்றேன். அந்த வயதுக்காரர்கள் பலரைப் போல அவரும் நன்றாக இந்தி பேசுவார். என் பட்டாள இந்தியும் அவருடைய கடைத்தெரு இந்தியும் ஒத்துப்போயின. கம்பெனியில் ஒப்பந்தம் முடிந்ததும் தன் பெயரில் விசா எடுத்து என்னை மஸ்ராவுக்குக் கூட்டிக்கொண்டார். அன்றிலிருந்து என் பெயரே அஸ்கரி ஆகிவிட்டது. நான் அவரை பாபா என்று கூப்பிடுவேன்.

நல்ல மனிதர். இதை எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன், ஆனாலும் நல்ல மனிதர்தான். ஒரு தட்டுச் சோறு வந்தால் எங்களுக்கும் அதே தட்டுச் சோறு. பொங்கலுக்குக் கரும்பு வாங்க பிக்கப்பைக் கொடுத்து அனுப்புவார்.

அவரிடம் ஒரு ரைபிள் இருந்தது. பழைய போல்ட் ஆக்ஷன் ரைபிள், வால்நட் மரக்கட்டை, அவர் பெயரில் லைசென்ஸ். வருஷத்துக்கு இரண்டு தடவை துப்பாக்கி சுடும் கிளப்புக்குக் கொண்டுபோய் ஐந்தாறு ரவை சுட்டுவிட்டு வருவார். அவ்வளவுதான். மற்ற நாளெல்லாம் மஜ்லிஸுக்கு உள்ளறையில் இரும்பு அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். துடைப்பது? அதை அவர் வாழ்க்கையில் செய்ததே இல்லை. எனக்கு முன்னால் ஒரு பலூச்சிக்காரர் துடைத்தார். அவர் ஊருக்குப் போனதும் அது என் தலையில் வந்தது. அங்கே வழக்கமே அப்படித்தான். கார் அவர்கள் பெயரில், கழுவுவது நாம். வீடு அவர்கள் பெயரில், பெருக்குவது நாம். துப்பாக்கியும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

ஆனால் துப்பாக்கி கார் இல்லை. லைசென்ஸ் இல்லாதவன் கையில் அது தனியாக இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் கேஸ், எனக்கு ஜெயில், பிறகு ஊருக்கு பிளேன். அதனால் முதல் நாளே சொன்னேன்.

"பாபா, நான் துடைக்கிறேன். ஆனா நீங்க எதிர்ல உக்காந்திருக்கணும். நீங்க அந்தாண்ட போனா நான் கைய எடுத்துடுவேன்."

"அச்சா, அச்சா" என்று சிரித்தார். அப்படியே நடந்தது. வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அலமாரியை அவரே திறப்பார், துப்பாக்கியை அவரே எடுத்து வருவார். நான் தரையில் பழைய போர்வையை விரித்து உட்காருவேன். போல்ட்டைக் கழற்றி, உள்ளே ரவை இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் தடவிப் பார்ப்பேன். பிறகு அவரையும் பார்க்கச் சொல்வேன். இது சட்டம். நூறு தடவை பார்த்திருந்தாலும் நூற்றியோராவது தடவையும் பார்க்க வேண்டும். அதற்கப்புறம் பின்பக்கத்திலிருந்து ராடை விட்டு, நுனியில் சிந்தி சுற்றி, பேரலைத் துடைப்பேன். சிந்தி என்றால் பட்டாளத்தில் துண்டுத் துணிக்குப் பெயர். கறுப்பாக வரும், அப்புறம் சாம்பல் நிறம், அப்புறம் வெள்ளை. வெள்ளையாக வரும்வரை விடமாட்டேன். கடைசியில் எண்ணெய், அதுவும் பூசிய எண்ணெயைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். நான் மூன்று வருஷம் ராஜஸ்தான் எல்லையில் இருந்தேன். மணல் ஊரில் எண்ணெய் மிச்சமிருந்தால் மணல் வந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து இரும்பையே அரைத்துவிடும். மரக்கட்டைக்கு ஆளி விதை எண்ணெய், இரண்டு சொட்டு, உள்ளங்கையால் தேய்க்க வேண்டும்.

பட்டாளத்தில் என் ரைபிளுக்கு ஒரு நம்பர் இருந்தது. அதன் பட்டில், அதாவது தோளில் வைக்கிற கட்டையில், பெயின்டால் எழுதியிருக்கும். என் கல்யாண தேதி கேட்டால் ஒரு நொடி யோசிப்பேன், அந்த நம்பருக்கு யோசிக்க மாட்டேன். ரிட்டயர் ஆகிற அன்று அதை ஆயுதக் கிடங்கில் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தபோது தோள் ஒரு பக்கம் லேசாகி நடையே கோணலாகிவிட்டது. அதற்கப்புறம் துப்பாக்கி என்று நான் மடியில் வைத்தது கிழவருடையதைத்தான். பிறத்தியார் சொத்து என்று மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை.

மகன் வந்தான். வெளிநாட்டில் படித்துவிட்டு, தாடியை அளவெடுத்து வெட்டிக்கொண்டு, இருபத்தாறு வயதில். எங்கள் விசா காகிதம், டிக்கெட் எல்லாம் இனி அவன் போனில்தான் என்று கிழவர் சொல்லிவிட்டார். அவனுக்குத் துப்பாக்கி மேல் திடீரென்று ஆசை வந்தது. ஆசைப்பட்டவன் கற்றுக்கொள்ள வேண்டியதுதானே? இல்லை. கடைக்குப் போனான். முதலில் ஸ்கோப் வந்தது. சரி, கண்ணுக்கு உதவி. அப்புறம் முன்பக்கம் இரண்டு கால் ஸ்டாண்ட். அப்புறம் டார்ச். அப்புறம் கன்னம் வைத்துக்கொள்ள, பட்டைச் சுற்றிக் கட்டுகிற ஒரு மெத்தை. கிழவர் வைத்திருந்த அருமையான தோல் வாரைக் கழற்றி எறிந்துவிட்டு நைலான் வார். எல்லாவற்றுக்கும் மேலே பேரலைச் சுற்றிப் பச்சை இலைப் படம் போட்ட டேப். பாலைவனத்தில் பச்சை இலை! யாரிடமிருந்து ஒளிய? ஒட்டகத்திடமிருந்தா? கல்யாணக் காரைப் போல ஜோடித்துவிட்டான்.

ஜோடித்ததோடு விட்டிருந்தால் வாயைப் பொத்திக்கொண்டிருப்பேன். அப்பாவை இழுத்துக்கொண்டு கிளப்புக்குப் போய் வந்ததும் ராடை எடுத்து முன்வாயிலிருந்து குத்துவான். முன்வாயில் ஒரு கீறல் விழுந்தால் ரவை திசை மாறும். அதற்கு மேல் அந்தக் கதவுக் கீல் ஸ்ப்ரே, சொட்டச் சொட்ட. ஸ்கோப் திருகை இடுக்கியால் முறுக்குவான். அப்புறம் மணல் காற்றில் பிக்கப்பின் பானட்டில் சாய்த்து வைத்து போட்டோ எடுப்பான். நான் வெள்ளிக்கிழமை உட்கார்ந்து அத்தனையையும் கழற்றி, மெத்தைக்கு அடியில் சேர்ந்த மணலைத் தட்டி, ஸ்ப்ரேயைத் துடைத்து, திருகை அளவாகத் திரும்ப முடுக்கி வைப்பேன். அடுத்த வாரம் மறுபடியும் அதே கூத்து.

"உங்க மகனுக்கு நான் கத்துக்குடுக்கட்டுமா பாபா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வேண்டாம் அஸ்கரி. அவனுக்கு யார் சொன்னாலும் பிடிக்காது" என்றார். மகனிடம் அவருக்குப் பயம் என்று அன்று எனக்குப் புரியவில்லை. பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது காலி அறைக்கு வருகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது கிழவர் என் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று, மனைவி மட்டும் குடியாத்தம் பக்கம் ஊரில் இருக்கிறாள் என்றேன். கல்யாணமாகி எத்தனை வருஷம் சேர்ந்து இருந்தீர்கள் என்று கேட்டார். நான் விரல் விட்டு எண்ணினேன். பட்டாளத்தில் வருஷத்துக்கு இரண்டு மாதம் லீவு. குடும்பக் குவார்ட்டர்ஸ் கிடைத்த சமயம் அவள் மாமியார் படுத்த படுக்கை, வர முடியவில்லை. அப்புறம் வளைகுடா. கிழவர் கையைத் தட்டினார். "அந்த மூணாவது ரூம் சும்மாதானே கிடக்கு? வரச் சொல்லு. குளிர் காலத்தில் ரெண்டு மாசம். விசிட் விசா நான் எடுக்கிறேன்."

அன்று சாயங்காலம் அவளுக்கு போன் போட்டேன். முதலில் நம்பவில்லை.

"இன்னாங்க, குடிச்சிட்டு பேசறீங்களா?"

"குடிக்கறதுக்கு இங்க இன்னா கீது? மெய்யாத்தான் சொல்றேன். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடு."

போட்டாள். பாஸ்போர்ட் வந்தது. வேலூர் போய் சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்கினாள், சிவப்புக் கலரில். விசா காகிதமும் வந்தது, நவம்பர் கடைசியில் டிக்கெட். நான் மூன்றாவது அறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். பரமக்குடிக்காரன் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு கட்டில் ஏற்றி வந்தான். அவள் போனில் கேட்பாள், "அங்க நீங்க எத்தினி மணிக்கு வேலைக்கு கிளம்புவீங்க? நானு நாஷ்டா செஞ்சி குடுத்து அனுப்பணும்." புருஷனை ஒருநாளாவது காலையில் வேலைக்கு அனுப்பிவிட்டு, சாயங்காலம் திரும்பி வருவதைப் பார்க்க வேண்டும். அதுதான் அவள் ஆசை. வேறு நகை நட்டு ஒன்றும் இல்லை.

அதற்கு நடுவில் ஆயுத பூஜை வந்தது. அந்த வருஷம் வெள்ளிக்கிழமையில் வந்து தொலைத்தது. காலையிலேயே பிக்கப்பைக் கழுவி, பம்பு செட், மண்வெட்டி, அரிவாள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். எங்கள் தோட்டத்துப் பூசணிக்காயையே வண்டிக்கு முன்னால் உடைத்தோம். பொரியும் கடலையும் கிழவருக்கும் கொடுத்தேன், மென்றுகொண்டே மஜ்லிஸில் உட்கார்ந்தார். சாப்பாட்டுக்கு அப்புறம் வழக்கம் போல ரைபிள். மெத்தையைக் கழற்றினேன், பேரலை முடித்தேன், கட்டைக்கு எண்ணெய் தேய்த்தேன். அந்த நேரம் அஸர் தொழுகைக்கு பாங்கு கேட்டது. வழக்கமாக அதற்கு முன்னால் முடித்துவிடுவோம், அன்று பூஜையால் தாமதம். கிழவர் எழுந்தார்.

"பாபா, இத உள்ள வெச்சிட்டுப் போங்க" என்றேன்.

"பத்து நிமிஷம். நீ இருக்கியே" என்று சொல்லிவிட்டு கேட் பக்கத்தில் இருந்த பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

நான் கையை எடுத்திருக்க வேண்டும். சுவரில் சாய்த்துவிட்டு வெளியே போய் நின்றிருக்க வேண்டும். பட்டாளத்தில் ஆயுத பூஜை அன்று ஆயுதக் கிடங்கையே கழுவிக் கோலம் போட்டு, ஒவ்வொரு ரைபிளுக்கும் பொட்டு வைத்து, மாலை போட்டு, சி.ஓ. முதல் சமையல்காரர் வரை வரிசையில் நின்று கும்பிடுவோம். பதினேழு வருஷம். காலையில் குழைத்த சந்தனம் நகக்கண்ணில் இன்னும் இருந்தது, சட்டைப் பையில் குங்குமப் பொட்டலம். மண்வெட்டிக்குப் பொட்டு, இதற்கு இல்லையா? மெத்தை மூடுகிற இடத்தில், யாருக்கும் தெரியாத இடத்தில், பட்டில் ஒரு பொட்டு வைத்தேன். ஒரு நொடி கண்ணை மூடினேன்.

கிழவர் வந்து பார்த்துவிட்டார். திட்டவில்லை. "இது என்ன அஸ்கரி, இதுக்கும் கல்யாணமா?" என்று சிரித்தார். பிறகு வாசலைத் திரும்பிப் பார்த்து, "துடைச்சிடு. பையன் பார்த்தா பேசுவான்" என்றார். துடைத்தேன். ஆனால் பத்து நிமிஷம் முன்னால்தான் எண்ணெய் தேய்த்த மரம் அது. குங்குமம் எண்ணெயோடு சேர்ந்து மரத்துக்குள் இறங்கிவிட்டது. எட்டணா அளவுக்கு ஒரு சிவப்பு. மெத்தையைக் கட்டி மூடினேன். அடுத்த வாரம் உப்புத்தாள் போட்டு எடுத்துவிடலாம் என்று இருந்தேன். அடுத்த வாரம் கிழவருக்குக் காய்ச்சல், வரவில்லை. அதற்கடுத்த வாரம் மகன் புது மெத்தை வாங்கி வந்துவிட்டான்.

அவன் பழையதை அவிழ்ப்பதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டான். போனேன். கிழவர் மூலையில் காவா என்கிற அரபுக் காபிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"வாட் இஸ் திஸ்?" என்று பட்டைக் காட்டினான். நான் பதில் சொல்வதற்குள் அவனே சொல்லிவிட்டான், பிக்கப்பின் பானட்டில் இருப்பதும் இதேதான் என்று. குருடன் இல்லையே.

"யெஸ் சார். பூஜா. ஐ புட்" என்றேன். அதில் எனக்குப் பயம் இல்லை. கிழவர் பார்த்தது, கிழவர் சிரித்தது.

ஆனால் அவன் கேட்டது பொட்டைப் பற்றி இல்லை. அப்பா பக்கம் திரும்பி அரபியில் கேட்டான். இத்தனை வருஷத்தில் அரபி எனக்கு ஓரளவு புரியும். இவன் இதைச் செய்யும்போது நீ எங்கே இருந்தாய்? துப்பாக்கியை இவனிடம் தனியாக விட்டுவிட்டுப் போனாயா? வெளியே தெரிந்தால் உன் லைசென்ஸ் என்ன ஆகும், நம் பெயர் என்ன ஆகும்? அப்பாவிடம் பேசுகிற குரலா அது! நம் ஊராக இருந்தால் செவிட்டில் ஒன்று விழுந்திருக்கும்.

கிழவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், "லா." இல்லை என்று. நான் யாரிடமும் கொடுக்கவில்லை. சாவி மேசை மேல் இருந்திருக்கும், அவனே எடுத்திருப்பான்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. "பாபா! நீங்கதானே பத்து நிமிஷம்னு சொல்லிட்டுப் போனீங்க? நீங்கதானே துடைக்கச் சொன்னீங்க? என் மூஞ்சியப் பாத்து சொல்லுங்க!" என்று இந்தியில் கத்தினேன். மஜ்லிஸ் முழுக்க எதிரொலித்தது. அவர் நிமிரவே இல்லை. காவாவைக் குடித்தார். வெறும் கிண்ணம் அது, நான் பார்த்தேன், அதில் ஒன்றுமே இல்லை.

"கலாஸ்" என்றான் மகன். முடிந்தது. போலீசுக்குப் போக மாட்டானாம், விசா மட்டும் கேன்சலாம். பெருந்தன்மை! அவள் விசிட் விசாவும் அதோடு போயிற்று. என் விசாவே இல்லாதபோது அவள் யாரைப் பார்க்க வருவாள்? போனை எடுத்து இரண்டு தட்டு தட்டினான். நாங்கள் ஆறு மாதம் காத்திருந்தது இரண்டு தட்டில் முடிந்தது.

அன்று சமையலறையில் பரமக்குடிக்காரன் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு என்னைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"அண்ணே, கெழவருகிட்ட தனியாப் பேசுங்கண்ணே. அவருக்கும் சங்கடமாத்தான் இருக்கும். ஒரு சாரி சொன்னா முடிஞ்சிரும்ண்ணே."

"எதுக்குடா சாரி? நான் இன்னா திருடினேனா?"

"திருடலைண்ணே. ஆனா அண்ணி வரணுமுல்ல?"

"வாய மூடுடா" என்றேன். தட்டைத் தள்ளிவிட்டேன். பாவம், அவன் என்ன செய்தான்? அவனே அந்தத் தட்டையும் கழுவி வைத்தான்.

கிழவர் மூன்றாம் நாள் வந்தார். தனியாக. அலமாரியைத் திறந்து ரைபிளை எடுத்துவந்து போர்வையையும் அவரே விரித்தார். நான் நின்றேன்.

"உட்கார் அஸ்கரி. இந்த வாரம் துடைக்கவே இல்லை."

நான் உட்காரவில்லை. அவர் மெதுவாகப் பேசினார். மகனிடம் பேசிவிட்டாராம். நான் போய், சாவியை நானே எடுத்தேன், தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று சொன்னால் போதுமாம். மகன் கேன்சலை நிறுத்திவிடுவான். உன் வீட்டுக்காரி வரட்டும், அந்த ரூம் அப்படியே இருக்கிறது. "ஒரு வார்த்தை அஸ்கரி. எனக்காக. அவன் என்னை இந்த வீட்டில் கிழவனாக்கிவிட்டான், உனக்குத் தெரியும்."

அந்தக் கடைசி வார்த்தையில் என் மனசு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. பட்டாளத்தில் அனுமதி இல்லாமல் கிடங்கிலிருந்து ஆயுதத்தை எடுத்தவனுக்குப் பெயர் வேறு. அந்தப் பெயரை என் வாயாலேயே எனக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறார், அதுவும் கையை எடுத்துவிடுவேன் என்று முதல் நாளே சட்டம் பேசிய எனக்கு.

"நான் எடுக்கல பாபா. எடுக்காதத எடுத்தேன்னு சொல்லமாட்டேன்."

"அப்ப இதையாவது துடைச்சுக் கொடுத்துட்டுப் போ."

"லைசென்ஸ் உங்க பேர்ல இருக்கு. நீங்க துடைங்க. நான் தொட்டா திருட்டு."

சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன், அவருக்கு எதிரில், அவர் எப்போதும் உட்காருகிற நாற்காலியில். அவர் தரையில் உட்கார்ந்தார். போல்ட்டைக் கழற்றத் தெரியவில்லை. முன்னும் பின்னும் இழுத்தார். எத்தனை வருஷமாக அவர் பெயரில் இருக்கிற துப்பாக்கி! எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று சொன்னேன், கை நீட்டவில்லை. உள்ளே காலியா என்று பார்க்கச் சொன்னேன். பார்த்தார். சிந்தியை ராடில் சுற்றத் தெரியாமல் இரண்டு தடவை கழன்று விழுந்தது. என் கை இரண்டும் பரபரத்தன, தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். கடைசியில் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்து, சொட்டச் சொட்ட ஊற்றினார். மகனைப் போலவே. ஊற்றிவிட்டுத் துடைக்காமல் போல்ட்டை மாட்டினார். துடைச்சி எடுத்துடுங்க பாபா, மணல் ஒட்டும் என்று தொண்டை வரை வந்தது. சொல்லவில்லை. அந்தத் துப்பாக்கி எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆனாலும் சொல்லவில்லை.

அவர் எழுந்து அதை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. பரமக்குடிக்காரன்தான் பிக்கப்பில் கொண்டுவந்து ஏர்போர்ட்டில் விட்டான்.

ஊருக்கு வந்து சேர்ந்தேன். போனில் விசா கேன்சல் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். வீட்டில் உட்கார்ந்து, காபியைக் குடித்துவிட்டு, மனைவியிடம் முழுக் கதையையும் சொன்னேன். ஸ்ப்ரேயில் ஆரம்பித்து, லா என்று அவர் சொன்னதும், நான் கத்தியதும், நாற்காலியில் நான் உட்கார்ந்ததும் வரை ஒன்று விடாமல். நல்லா கேட்டீங்க போங்க என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். நான் கோபப்படும் இடத்திலெல்லாம் அவளும் கோபப்படுகிறவள்தான்.

அவள் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அந்தப் பெரியவரு இன்னா சொல்லச் சொன்னாரு?"

"சாவிய நானே எடுத்தேன்னு."

"அப்புறம்?"

"மன்னிச்சிடுங்கன்னு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதானாவா? திருடன்னு ஒத்துக்கச் சொல்றான்டி!"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். குரல் ஏறவே இல்லை. "வாரா வாரம் அத்த மடியில வெச்சி தொடச்சீங்க. பொட்டு வெச்சீங்க. அதுக்குப் போயி எவ்ளோ ரோசம். எனுக்கோசரம் ஒரே ஒரு பொய்யி சொல்ல உங்களுக்கு வாயி வரல இல்ல?"

எனக்கு மூக்கு நுனியில் இருக்கிற கோபம் அன்று எங்கே போனது என்று தெரியவில்லை. தேடினேன். கிழவர் மேல் இருந்தது, மகன் மேல் இருந்தது, என் மேலும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. அவள் மேல் மட்டும் இல்லை. அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

சிவப்புப் பெட்டி பரண் மேல் இருக்கிறது. அதன் கைப்பிடியில் கடைக்காரன் கட்டிய விலைச் சீட்டு இன்னும் தொங்குகிறது. போன மாதம் ஒட்டடை அடிக்க ஏறியவன் அதை அறுக்கப் போனேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அத்த தொடாதீங்க" என்றாள். நான் கையை எடுத்துக்கொண்டேன்.